கார் தரப்பட்டியலை எத்தனை அணா நம்பலாம்?

வண்டி வாங்கக் கிளம்பும் வணிகர் கையில் இப்போதெல்லாம் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி குறைவாகப் பழுதாகிறது, எது அடிக்கடி பட்டறைக்குப் போகிறது என்று வரிசை எண் போட்ட பட்டியல். ஷோரூமுக்குப் போனால் அங்கும் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், 'நம்பகத்தன்மையில் முதலிடம்' என்று கொட்டை எழுத்தில். மகன் கைப்பேசியில் வேறொரு பட்டியலைக் காட்டுகிறான். அதில் முதலிடம் இன்னொரு கம்பெனிக்கு. எதை நம்புவது?

மளிகைக் கடைக்காரருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் கொள்முதலுக்குப் போய்வரும் வண்டி பொங்கலுக்கு முந்தின வாரம் பட்டறையில் நின்றுவிட்டால், அந்த வாரத்து வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்விடும். போன வாடிக்கை அத்தனை சீக்கிரம் திரும்பாது. பைனான்ஸ் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். ஆகவே இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுப்பது நமக்குத் தெரிந்த வேலை. மாதிரி நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னால் உடனே தலையாட்டுகிறோமா? எத்தனை மூட்டையில் குத்தினீர், வாய்ப்பக்கமா நடுவிலா, குத்தியவர் வாங்குபவர் ஆளா விற்பவர் ஆளா என்று கேட்கிறோம். கார் பட்டியலிடமும் இதையேதான் கேட்க வேண்டும்.

குறை என்றால் என்ன குறை?

உலகில் அதிகமாகப் பேசப்படும் பட்டியல்களில் ஒன்று ஜே.டி. பவர் என்ற அமெரிக்க நிறுவனத்தினுடையது. 1968-இல் தொடங்கிய நிறுவனம். மூன்று வயதான வண்டிகளை முதலில் வாங்கியவர்களிடம், கடந்த 12 மாதத்தில் என்னென்ன குறை கண்டீர்கள் என்று கேட்டு, 100 வண்டிக்கு இத்தனை குறை என்று கணக்கிடுகிறது. இந்தியாவிலும் இந்நிறுவனம் பல ஆண்டுகள் 30 முதல் 42 மாதம் ஆன கார்களை வைத்து இதே வகை ஆய்வை நடத்தியது.

அமெரிக்காவில் 2024-இல் வெளியான கணக்கைப் பாருங்கள். எல்லாக் கம்பெனிக்கும் சராசரி, 100 வண்டிக்கு 190 குறை. முதலிடம் பெற்ற லெக்ஸஸுக்கு 135. பார்க்கப் பெரிய வித்தியாசம். 100-ஆல் வகுத்தால் சராசரி வண்டிக்கு ஆண்டில் 1.9 குறை, முதலிடத்து வண்டிக்கு 1.35. ஒரு வண்டிக்கு அரைக் குறையைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. இது முதலிடத்துக்கும் சராசரிக்கும் உள்ள தூரம். ஐந்தாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் உள்ள தூரம் எத்தனை சில்லறையாக இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆனால் ஷோரூம் விற்பனையாளர் இடத்தைச் சொல்வாரே தவிர இந்த வகுத்தல் கணக்கைச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. இந்தக் கணக்கில் கியர்பாக்ஸ் உடைந்தாலும் குறை ஒன்று, கைப்பேசி வண்டியின் பாட்டுப்பெட்டியோடு இணையாமல் போனாலும் குறை ஒன்று. உண்மையில் அந்த 2024 கணக்கில் மற்றப் பிரிவுகளைவிட அதிகக் குறை வந்ததே பாட்டு, திரை, கைப்பேசி இணைப்பு ஆகியவை அடங்கிய பிரிவில்தான். புளி மூட்டையும் பருப்பு மூட்டையும் ஏற்றும் நமக்குப் பாட்டு நின்றால் என்ன? கிளட்ச் நின்றால்தான் கஷ்டம்.

பரிசு பெற்ற கம்பெனி அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள ஜே.டி. பவருக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். பணம் கட்டி முதலிடம் வாங்க முடியாது என்று அந்நிறுவனம் சொல்கிறது. அதை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் சின்னக் கார், நடுத்தரக் கார், பெரிய கார் என்று பிரிவுக்கு ஒரு முதலிடம் இருக்கும்போது, பல கம்பெனிகளுக்குச் சுவரில் மாட்ட ஏதோ ஒரு சட்டம் கிடைத்துவிடுகிறது. தோற்ற பிரிவை யாரும் சட்டம் போடுவதில்லை.

விளம்பரம் வாங்காதவர்களும் உண்டு

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936 முதல் நடக்கும் நுகர்வோர் பத்திரிகை. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் காரைக் காசு கொடுத்தே வாங்குகிறது. 2023 பட்டியலுக்கு உறுப்பினர்களிடமிருந்து சுமார் 3,30,000 வண்டிகளைப் பற்றிய விவரம் திரட்டியது. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய பழுதுக்கு அதிக எடையும் சின்னப் பழுதுக்குக் குறைந்த எடையும் போடுகிறது. குத்தூசியை இத்தனை ஒழுங்காகப் போடுபவர்கள் குறைவு.

அங்கேயும் ஒரு சங்கதி நடந்தது. டொயோட்டா என்றால் கேள்வியே இல்லை என்று அந்தக் கம்பெனியின் புதிய மாடல்கள் நன்றாக உழைக்கும் என முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அப்பத்திரிகைக்கு இருந்தது. 2007 அக்டோபரில் கேம்ரி வி-6, டன்ட்ரா வி-8 நான்கு சக்கர இயக்க வண்டி போன்றவை சராசரிக்குக் கீழே போனதும், இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று அறிவித்தது. புதிதாக வந்த மாடலுக்கு யாரிடமும் அனுபவம் இருக்க முடியாது. அதற்குப் போடப்படும் மதிப்பெண் அப்பன் பெயரைப் பார்த்துப் பிள்ளைக்குக் கடன் கொடுப்பது போன்றது. பல நேரம் கடன் திரும்பி வரும், சில நேரம் வராது.

ஜெர்மனியில் நடந்தது இதைவிட மோசம். அடாக் என்ற வாகன ஓட்டிகள் சங்கத்துக்கு அப்போது ஏறத்தாழ 1.9 கோடி உறுப்பினர்கள். வாசகர் ஓட்டெடுத்து, ஜெர்மானியருக்குப் பிடித்த கார் என்று ஆண்டுதோறும் பரிசு கொடுத்துவந்தது. 2014 ஜனவரியில் வோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு 34,299 ஓட்டு என்றார்கள். உண்மையில் விழுந்தது 3,409. பத்திரிகை ஆசிரியராகவும் செய்தித் தொடர்புத் தலைவராகவும் இருந்தவர் பதவி விலகினார், அடுத்த மாதம் சங்கத் தலைவரும் விலகினார். கார் கம்பெனிகள் வாங்கிய பரிசுகளைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தன.

ஆனால் அதே சங்கம் வைத்திருக்கும் இன்னொரு கணக்கு மதிக்கத்தக்கது. வழியில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப் போகும் அதன் மஞ்சள் வண்டிக்காரர்கள், எந்த மாடல், என்ன பழுது என்று எழுதிவைக்கும் கணக்கு அது. பிடித்ததா என்று யாரையும் கேட்பதில்லை, நின்ற வண்டியை எண்ணுகிறார்கள். அதிலும் ஓட்டை உண்டு. கம்பெனியே இலவச உதவி எண் கொடுத்திருந்தால் அந்த வண்டிக்காரர் சங்கத்தைக் கூப்பிட மாட்டார், வண்டி நல்ல வண்டியாகவே கணக்கில் தெரியும். மேலும் அண்மை ஆண்டுகளில் அவர்கள் போய்ப் பார்த்த பழுதுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் பேட்டரி சம்பந்தப்பட்டவை. பேட்டரி விஷயத்தில் கார் கம்பெனியின் பங்கு எவ்வளவு, தண்ணீர் பார்க்காத நம் பங்கு எவ்வளவு?

வண்டலூரில் நடந்தது

வெளிநாட்டுப் பெருமை நம்மூரில் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரோவர் 3500 காருக்கு 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்ற பரிசு கிடைத்தது. பத்திரிகையாளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் பரிசு அது. ஹெரால்டு கார் செய்த நம் ஸ்டாண்டர்டு கம்பெனி, அந்த ரோவரின் உடலை வாங்கி 1985-இல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டது. ரோவரில் இருந்தது வி-8 எஞ்சின். இங்கே உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு வழியில் வந்த 2 லிட்டர் எஞ்சின். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. 1988-இல் உற்பத்தியே நின்றுபோனது. பரிசு வாங்கியது ஒரு வண்டி, ரோட்டில் ஓடியது வேறு வண்டி. இத்தனைக்கும் பரிசு வாங்கிய அந்த ரோவரே அதன் சொந்த நாட்டில் தயாரிப்புக் குறைகளுக்குப் பேர் போனது. பரிசு கொடுப்பவர் புது வண்டியைப் பார்க்கிறார். நாம் ஏழு வருடம் வைத்து ஓட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. மாருதி பலேனோவும் 2019-இல் வந்த டொயோட்டா கிளான்சாவும் அடிப்படையில் ஒரே வண்டி, பெயர்ப்பலகைதான் வேறு. இவ்விரண்டுக்கும் ஒரு பட்டியலில் வேறு வேறு மதிப்பெண் வந்தால், அது வண்டியின் வித்தியாசமாக இருப்பதைவிட, வாங்கியவர் எதிர்பார்ப்பின் வித்தியாசமாகவோ சர்வீஸ் வித்தியாசமாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காலம் என்ற ஓட்டையும் பெரியது. மூன்று வயது வண்டியைப் பற்றிய கணக்கு அச்சில் வரும்போது, கடையில் நிற்பது மாற்றிச் செய்த மாடலாக இருக்கும். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகை விதி வந்தபோது டீசல் வண்டிகளின் உள்ளே நிறைய மாறியது. பல வண்டிகளில் புகைக்குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி வைத்தார்கள். நெடுஞ்சாலையில் ஓடினால் சூடேறிக் கரி எரிந்து தானே சுத்தமாகிவிடும். கடைத்தெருவுக்குள் ஒரு மைல், அரை மைல் என்று நின்று நின்று ஓடினால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி இழுவை குறையும். 2020-க்கு முந்தைய டீசல் பட்டியல் எதுவும் இதைச் சொல்லியிருக்க முடியாது. நெடுந்தூரம் ஓட்டுபவர்களிடம் மட்டும் கேட்ட பட்டியலும் சொல்லாது. ஊருக்குள் டெலிவரிக்கு மட்டும் வண்டி வேண்டும் என்பவர் டீசலுக்குப் பதில் பெட்ரோல், கேஸ் வண்டியையும் விசாரிப்பது நல்லது.

அதோடு, பட்டியல்கள் பெரும்பாலும் சொந்த உபயோகக் கார்களைப் பற்றியவை. நம்மவர் வாங்குவது பாதிக்கு மேல் 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது குட்டி யானை, அல்லது 2011 முதல் ஓசூரில் தயாராகும் தோஸ்த் போன்ற சரக்கு வண்டிகள். முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றிவிட்டு வண்டி சரியில்லை என்று சொல்லும் நம் பழக்கத்தையும் எந்தப் பட்டியலும் கணக்கில் எடுக்காது. நம் ரோடும் வேறு. விக்கிரவாண்டி - கும்பகோணம் சாலை அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்த காலத்தில் பள்ளத்திலும் புழுதியிலும் ஓடிய வண்டிகள் எத்தனை! எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி வரும் பருவத்தில் சாலையில் சேறும் சோகையும். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் ஏற்றுபவருக்குப் பட்டை மெத்தென்று இருந்தால்தான் சரக்கு உடையாமல் சேரும். அரிசி ஏற்றுபவருக்கு அதே பட்டை விறைப்பாக இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே மதிப்பெண் எப்படிப் பொருந்தும்?

நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திர வண்டி என்றால் பழுதாகாத வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். குளோபல் என்கேப்பும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பும் கொடுக்கும் நட்சத்திரம், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதற்கு. அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எத்தனை அணா?

நம் கணக்கைச் சொல்கிறோம். நாலைந்து ஆண்டு தொடர்ந்து, வேறு வேறு பட்டியல்களில், ஒரு மாடல் கடைசி வரிசையிலேயே கிடந்தால் அதைப் பன்னிரண்டு அணா நம்பலாம். வாங்காமல் இருப்பதே நல்லது. தொடர்ந்து மேலேயே இருக்கும் வண்டிக்கும் ஏறக்குறைய அதே அளவு. நடுவில் இருப்பவற்றின் வரிசைக்கு நாலணா. ஒரே ஆண்டுப் பட்டியலுக்கு மூன்றணா. எத்தனை பேரிடம், எந்த வயது வண்டியைப் பற்றிக் கேட்டார்கள் என்று சொல்லாத பட்டியலுக்கும், ஓட்டெடுத்துக் கொடுக்கும் பரிசுக்கும் ஓரணா அதிகம்.

மீதி அணாவை உள்ளூரில் தேட வேண்டும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் அல்லாமல், எல்லா வண்டியும் பார்க்கும் பட்டறையில் போய் விசாரியுங்கள். எது நல்ல வண்டி என்று கேட்டால் மேஸ்திரி தமக்குப் பழகின வண்டியைச் சொல்வார். போன மாதம் எந்தெந்த வண்டி வந்தது, என்ன பழுது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரில் நாற்பது ஓடும் வண்டி மாதம் நாலு வரும், ஐந்து ஓடும் வண்டி மாதம் ரெண்டு வரும். பட்டறை வாசலில் முதல் வண்டிதான் அதிகம் நிற்கும், ஆனால் பழுது அதிகம் இரண்டாவதில். கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்று எந்த மாடல் எத்தனை போகிறது என்று எண்ணினால் இந்த வகுத்தல் கணக்கு கிடைத்துவிடும்.

மூன்று வருட வண்டி பழைய விலைக்கு என்ன போகிறது என்று பாருங்கள். அது தன் காசைப் போடுபவர் போடும் மதிப்பெண். பெயருக்காகச் சற்றுக் கூடுதலாகவே போகும் கம்பெனியும் உண்டு என்பதை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ ஸ்பேர் கடையில் கிளட்ச் பிளேட், வீல் பேரிங், செல்ப் மோட்டார் மூன்றுக்கும் விலை கேளுங்கள், கையிருப்பு உண்டா என்றும் கேளுங்கள். குறைவாகப் பழுதாகும் வண்டிக்குச் சாமான் சென்னையிலிருந்து வர ஆறு நாள் ஆகும் என்றால், அடிக்கடிச் சின்னப் பழுதாகி மாலைக்குள் ரெடியாகும் வண்டியே கடைக்காரருக்கு மேல்.

பழைய வண்டி வாங்குபவர்கள் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனி டீலரிடம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. தயாரிப்பில் கோளாறு என்று கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் நடைமுறை நம் நாட்டில் 2012 முதல் இருக்கிறது. அப்படி அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கும் கொடுத்தது. முந்தைய சொந்தக்காரர் அழைப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.