அனுமதி பதின்மூன்றாவது மைல் வரைதான்

2023 ஏப்ரல் 4, நண்பகல். சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலாவுக்குப் போகும் மலைச்சாலையில் 15ஆவது மைல் அருகே பனி சரிந்து, சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள். அன்று அனுமதிச்சீட்டு கொடுத்தது 13ஆவது மைல் வரைக்கும்தான் என்று காவல்துறை அதிகாரி ஒருவர் சொன்னார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் குல்மர்க், மணாலி, நாதுலா என்று பேக்கேஜில் போகிறார்கள். கன்னியாகுமரியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் கட்ராவில் இறங்கிவிடலாம். பனியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் மழையும் வெயிலும் மட்டுமே பழகிய நமக்கு, எந்தப் பனி நிற்கும், எது சரியும் என்று பார்த்ததும் தெரியாது.

மலைமேல் கிடக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. இடையில் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள் சேர்ந்த பலவீனமான அடுக்கு இருந்தால், மேலே இறுகிக் கிடப்பது மொத்தமாக வழுக்கிவிடும். மயிலாடிச் சிற்பக்கூடத்தில் கல்லைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணீரென்று ஒலித்தால் உளி வைக்கலாம். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். பனியும் அப்படித்தான் பேசும். காலடியில் 'தொம்' என்ற சத்தத்தோடு பனி அமுங்கினாலோ, மிதித்த இடத்திலிருந்து கீறல் ஓடினாலோ அடியில் அடுக்கு உடைகிறது. செங்குத்தில்லாத வழியாக உடனே விலகித் திரும்பிவிடுங்கள். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகள்தான் மிக மோசம். நீங்கள் நிற்பது சமதளமாகவே இருக்கட்டும், தலைக்கு மேல் அப்படியொரு சரிவு இருந்தால் ஆபத்து குறையாது. பெரும்பனி பெய்த அடுத்த ஓரிரு நாள், பலத்த காற்று, திடீரென்று ஏறும் வெயில் மூன்றும் கெட்ட சகுனங்கள். கூச்சல் போட்டால் பனி சரியும் என்பது சினிமாவில் மட்டும். மலையேறப் போய்ச் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ மிதித்து உடைத்த சரிவில்தான் சிக்குகிறார்கள்.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரைமணி நேரம் போனால் அது பெரிதும் சரிந்துவிடும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் 19ஆவது மெட்ராஸ் படையணி வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் 6 நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். ஆகவே வெளியாள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பனிமலை ஏற்றம் என்றால் ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கிறதா, வழிகாட்டிக்கு அவற்றைப் பயன்படுத்தத் தெரியுமா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை நிறுவனமான டிஜிஆர்இ, மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசெட் செயலியை போனில் ஏற்றிக்கொள்ளலாம். அவசரத்துக்கு 112. எச்சரிக்கை இருக்கும் நாளில் "இன்னும் கொஞ்சம் மேலே போனால் நல்ல பனி" என்று ஓட்டுநர் ஆசை காட்டினால், அனுமதிச்சீட்டில் எழுதியிருக்கும் இடத்தைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

எச்சரிக்கையை மறைத்து அழைத்துப்போனாலோ, பயணம் ரத்தான பிறகு தரவேண்டிய பணத்தைத் தராவிட்டாலோ, அது சேவைக் குறைபாடு. நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போடவேண்டும். கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் பாருங்கள். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அனுமதிச்சீட்டு எதையும் அழிக்காதீர்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் பனிச்சரிவும் உண்டு. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதி விதிப்படி 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். இறப்புக்குப் பனிச்சரிவே காரணம் என்ற சான்று அதற்குத் தேவை. துக்கத்தோடு ஊர் திரும்பும் அவசரத்தில் அதை வாங்காமல் வந்துவிட்டால் பிறகு அலைச்சல். விபத்து நடந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில் கையோடு கேட்டு வாங்குங்கள்.