வீட்டில் பேசும் மொழி எது?



எருசலேமில் கூடியிருந்த பல நாட்டு மக்கள், திருத்தூதர்கள் பேசியதைத் தத்தம் தாய்மொழியிலேயே கேட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. முதலில் எல்லாரும் ஒரே மொழியைக் கற்றுக்கொண்டு வரட்டும் என்று தூய ஆவியார் காத்திருக்கவில்லை. இதை மனத்தில் கொண்டு, அமெரிக்க அரசின் மக்கள் ஆய்வுப் படிவத்திலுள்ள ஒரு கேள்வியைப் பார்ப்போம்.

அரிசோனா மாநிலத்தில் நவஹோ பழங்குடியினர் வாழும் பகுதியில் செயின்ட் மைக்கேல்ஸ் என்ற சிற்றூர் உள்ளது. அங்குள்ள வீடுகளுக்கும் இந்தப் படிவம் வரும். வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா, அது எந்த மொழி, ஆங்கிலம் எப்படிப் பேசுவார் என்று ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் அது கேட்கிறது. மிக நன்றாக, நன்றாக, நன்றாகப் பேசமாட்டார், அறவே பேசமாட்டார் என நான்கு விடைகள். 'மிக நன்றாக' என்பதைத் தவிர மற்ற மூன்றையும் சேர்த்து, ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். தேர்வு எதுவும் கிடையாது. படிவத்தை நிரப்புபவர் சொல்வதுதான்!

நவஹோ மொழியை எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. எனவே முன்னோர் கதைகளை இரவெல்லாம் சொல்லக்கூடிய பாட்டி இந்தக் கணக்கில் குறையுள்ளவர். அக்கதைகள் புரியாத பேரனுக்குக் குறையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பதினான்கு வயதான பேரன் ஆங்கிலம் மிக நன்றாகப் பேசினால், ஆங்கிலம் போதாத வீடுகளின் பட்டியலில் அந்த வீடு சேராது. அவன் பள்ளிக்குப் போன பிறகு மருத்துவமனையில் தனியே உட்கார்ந்திருக்கும் பாட்டி எந்தப் பட்டியலில் வருவார்?

இக்கணக்கு வீண் என்று சொல்லவில்லை. 1975-ல் திருத்தப்பட்ட வாக்குரிமைச் சட்டத்தின்படி வாக்காளர்களுக்குத் தாய்மொழியில் உதவி கிடைப்பது இத்தகைய எண்களால்தான். 2006-2010 ஆய்வில் வீட்டில் நவஹோ பேசுவோர் ஏறக்குறைய 1,69,000 பேர்.

பழங்குடிப் பிள்ளைகளின் தாய்மொழியை அடக்கிய விடுதிப் பள்ளிகள் அந்நாட்டில் பல இருந்தன. அவற்றில் திருச்சபை நடத்தியவையும் உண்டு. அமெரிக்க ஆயர்கள் 2024 ஜூனில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்கள்.

ஒப்புரவு அருளடையாளத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பெறலாம் என்று திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது; மொழிபெயர்ப்பவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனாலும் பேரனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி மனம் திறப்பார்? 1898-ல் செயின்ட் மைக்கேல்ஸ் வந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் வேறு வழியில் சென்றார்கள். மக்களிடமே சொல் சொல்லாகக் கேட்டு எழுதினார்கள். 1900-ல் வந்து சேர்ந்த அருட்தந்தை பெரார்ட் ஹெய்ல் அம்மொழியில் பெரும் புலமை பெற்றார். 1910-ல் அந்தச் சிற்றூரிலிருந்தே அவர்களுடைய நவஹோ அகராதி வெளிவந்தது.