குறைக்கடத்தி நானோகட்டமைப்புகளின் மாதிரியாக்கம்

குறைக்கடத்தி நானோகட்டமைப்புகளின் மாதிரியாக்கம் என்பது, சில நானோமீட்டர் தடிப்புள்ள குறைக்கடத்திப் படலங்களில் எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) கொள்ளக்கூடிய ஆற்றல் நிலைகளைக் குவாண்டம் இயங்கியலின் துணையுடன் முன்கூட்டியே கணித்தறியும் முறை ஆகும். அகச்சிவப்புக் கதிர் உணரிகளையும், அக்கதிர்களை உமிழும் சீரொளிக் (லேசர்) கருவிகளையும் வடிவமைக்க இது பயன்படுகின்றது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு.

கணிப்பின் தேவை

அறை வெப்பநிலையில் உள்ள பொருள்கள் 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில் மிகுதியாகக் கதிர்களை வெளியிடுகின்றன. இத்தகைய ஒளியன் (ஃபோட்டான்) ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 0.12 எலக்ட்ரான்வோல்ட்டு. காலியம் ஆர்சினைடின் ஆற்றல் இடைவெளியோ 1.42 எலக்ட்ரான்வோல்ட்டு. ஆகவே, அதன் தடித்த படிகம் இக்கதிர்களை இடைவெளி தாண்டும் முறையில் உணராது.

ஆனால் மெல்லிய காலியம் ஆர்சினைடுப் படலம் ஒன்றை இரு அலுமினியம் காலியம் ஆர்சினைடுப் படலங்களுக்கு இடையே வைத்தால், எதிர்மின்னிகள் அதனுள் சிக்கிக்கொள்கின்றன. இதற்குக் குவாண்டம் கிணறு என்று பெயர். கிணற்றுள் எதிர்மின்னிகளின் ஆற்றல் படிகளாகப் பிரிகின்றது. படிகளின் இடைவெளியைக் கிணற்றின் அகலமும் ஆழமும் தீர்மானிக்கின்றன. இப்படலங்கள் மீயுயர் வெற்றிடத்தில் அணு அடுக்கு அணு அடுக்காக வளர்க்கப்படுகின்றன. வளர்த்தபின் தடிப்பைத் திருத்த இயலாது என்பதால், கணிப்பு முதலில் வருகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு

5 நானோமீட்டர் அகலமுள்ள கிணறு ஒன்றைக் கொள்வோம். அதன் சுவர்கள் எல்லையற்ற உயரமுடையவை என்று கருதினால், முதலிரு படிகளின் இடைவெளி ஏறத்தாழ 0.67 எலக்ட்ரான்வோல்ட்டு, அதாவது 1.8 மைக்ரோமீட்டர் அலைநீளம், என விடை கிடைக்கும். சுவரின் உயரம் 0.24 எலக்ட்ரான்வோல்ட்டு எனக் கொண்டு கணித்தால், இடைவெளி 0.16 எலக்ட்ரான்வோல்ட்டாகக் குறைந்து, அலைநீளம் 8 மைக்ரோமீட்டரை நெருங்குகின்றது. பாடநூலின் எளிய வாய்பாட்டை மட்டும் நம்பினால் கருவி முற்றிலும் வேறான அலைநீளத்துக்கு அமைந்துவிடும்.

இரண்டாம் கணிப்பில் மேற்படி கிணற்றின் விளிம்பை ஒட்டி அமைகின்றது. கதிரை உட்கொண்டு மேலேறும் எதிர்மின்னி, சிறிய மின்னழுத்தத்திலேயே வெளியேறி மின்னோட்டமாகிறது. உணரிக்கு இதுவே உகந்த நிலை.

முழுமையான கணிப்புகளில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுடன், மின்னூட்டங்களின் விளைவைத் தரும் பாய்சான் சமன்பாடும் சேர்த்துத் தீர்க்கப்படுகின்றது.

உணரிகள்

1987 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பி. எஃப். லெவின் குழுவினர் குவாண்டம் கிணறு அகச்சிவப்பு உணரியைச் செய்துகாட்டினர். இலங்கையில் பிறந்த இயற்பியலாளர் சரத் குணபால, பெல் ஆய்வகத்திலும் பின்னர் நாசாவின் தாரை உந்து ஆய்வகத்திலும் இத்தகைய உணரிகளை வளர்த்தெடுத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

இவ்வகைக் கிணறுகள், படலங்களுக்குச் செங்குத்தான மின்புலக் கூறுள்ள ஒளியையே உட்கொள்கின்றன. எனவே நேராக விழும் ஒளியைச் சாய்க்க, உணரியின் மேல் நுண்வரிகள் பொறிக்கப்படுகின்றன. வெப்பத்தாலும் எதிர்மின்னிகள் மேலேறும் என்பதால் உணரியைக் கடுமையாகக் குளிர்விக்கவும் வேண்டும்.

2013 இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8, 2021 இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 9 ஆகிய செயற்கைக்கோள்களின் வெப்பக் கருவிகளில் இவ்வகை உணரிகள் இடம்பெற்றுள்ளன. பெண்ணாடத்தை ஒட்டிய வெள்ளாற்றுப் படுகை வயல்கள் உட்பட, நிலப்பரப்பின் வெப்பநிலையை 100 மீட்டர் நுணுக்கத்தில் இவை அளக்கின்றன. பயிர்கள் நீரை ஆவியாக்கும் அளவை மதிப்பிட இத்தரவுகள் உதவுகின்றன.

சீரொளிக் கருவிகள்

படிகளுக்கிடையே எதிர்மின்னி கீழிறங்கும்போது ஒளி பெருக்கப்படலாம் என்று 1971 இல் கசாரினோவ், சூரிஸ் ஆகியோர் முன்மொழிந்தனர். 1994 இல் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடரிக்கோ கப்பாசோ முதலியோர் முதல் குவாண்டம் அருவிச் சீரொளியை இயக்கினர். இதில் ஒரே எதிர்மின்னி, அருவிநீர் படிப்படியாக விழுவதுபோல் பல கிணற்றுத் தொகுதிகளைக் கடந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஒளியனை உமிழ முடியும். மேற்படியில் எதிர்மின்னி தங்கும் காலம் கீழ்ப்படியில் தங்குவதைவிட நீண்டிருக்க வேண்டும். எனவே ஆற்றல் நிலைகளோடு இக்காலங்களையும் கணித்த பின்னரே படலங்களின் தடிப்பு முடிவு செய்யப்படுகின்றது. இச்சீரொளிகள் வளிமங்களைக் கண்டறியப் பயன்படுகின்றன.