கடைவாய்ப் பல்லும் காப்பீட்டுப் படிவமும்

விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி வரைக்கும், அப்பால் சாத்தூர், வெம்பக்கோட்டை வரைக்கும் பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், பட்டாசு ஆலை விபத்து என்றதும் எல்லோர் மனமும் தீப்புண்ணைத்தான் நினைக்கிறது. வெடியின் வேகத்தில் தூக்கியெறியப்பட்டுத் தாடை பிளந்து, பற்களை இழந்த தொழிலாளியின் கஷ்டம், உயிர் தப்பிய பெரும் ஆறுதலில் மறைந்துபோகிறது. புண் ஆறி, சோற்றை மெல்ல முடியாமல் கஞ்சியே கதியென்று கிடக்கும்போதுதான், பல் வைத்தியச் செலவும் காப்பீட்டின் ஞாபகமும் ஒருங்கே வருகின்றன.

மாதாந்தரக் கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கு வழி ஓரளவு சுலபம். 1948ஆம் வருஷச் சட்டத்தில் பிறந்து 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இத்திட்டத்தில், 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு கூலியில் 0.75 சதவீதமாகவும் முதலாளியின் பங்கு 3.25 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, அட்டையுடன் அங்கே போகிறவர் பணம் கட்டிவிட்டுப் பின்னால் கேட்டு வாங்க வேண்டிய நிலையில்லை. அவசர நேரத்தில் தனியார் மருத்துவமனையில் சேர நேர்ந்தாலொழிய படிவத்துக்கு அவசியம் பிறப்பதில்லை. அப்படிச் சேர்ந்தால், இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சீக்கிரமாகத் தகவல் சொல்லிவிட்டு, அசல் ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் பாலிசி வைத்திருப்போர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்கும் ரூட் கெனால் செய்வதற்கும் சாதாரண மருத்துவப் பாலிசிகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. விபத்தினால் நேர்ந்து, மருத்துவமனையில் தங்கிச் செய்துகொள்ளும் பல் சிகிச்சைக்கே வாசல் திறக்கிறது. அப்போதும் செயற்கைப் பல் கட்டும் செலவை விலக்கிவைக்கும் பாலிசிகள் உண்டாகையால், கையொப்பமிடுமுன் நிபந்தனைகளைப் படித்தறிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.

காப்பீட்டுப் பணம் கோரும் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு; முதலாவது நோயாளிக்குரியது, இரண்டாவது மருத்துவமனைக்குரியது. முதற்பகுதியில் மருத்துவமனையில் சேர்ந்தது நோயினாலா, காயத்தினாலா என்று கேட்டு, காயமானால் தானே விளைவித்துக் கொண்டதா, சாலை விபத்தா, போதைப்பொருளாலா என்று கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். வெடிமருந்துக் கலவை அறையில் நேர்ந்த வெடிவிபத்துக்கு அங்கே கட்டமே இல்லை! தேச மக்கள் யாவருக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட படிவத்தில், இந்த வட்டாரத்து உழைப்பாளியின் வாழ்க்கைக்கு இடமில்லாமற் போனது எனக்கு வருத்தமளிக்கிறது. எதையாவது டிக் செய்துவிடலாம் என்று எண்ணுவது ஆபத்து. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த ஆலையில், என்ன வேலை செய்கையில் காயம்பட்டது என்பதைத் தனிக் கடிதமாக எழுதி இணைத்துவிட வேண்டும்.

அந்தக் கடிதத்துக்குச் சாட்சியாக நிற்பது, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், ஊர்மொழியில் ஏ.ஆர். காப்பி. முதலுதவிக்குப் போகும் அவசரத்தில், ஆலைக்கு வம்பு வரக்கூடாதென்று, "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லத் தோன்றலாம். அந்த ஒரு வாக்கியமே பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னால் படிவத்தில் எழுதும் உண்மையெல்லாம் பொய்யாகத் தோன்றும், எஃப்.ஐ.ஆர். ஒன்று சொல்ல, பதிவேடு வேறொன்று சொல்ல, பரிசீலிப்பவர் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார். ஆகவே, காயம்பட்டவர் பேச முடியாத நிலையிலிருந்தால், கூட வந்த உறவினரே நடந்ததை நடந்தபடி சொல்லி எழுத வைப்பது கடமை.

இரண்டாம் பகுதியிலும் இணைக்கும் ரசீதுகளிலும் பல்லைப் பேரால் குறிக்காமல் எண்ணால் குறிக்கிறார்கள். நோயாளியின் வலது மேல் வரிசை 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒவ்வொரு வரிசையிலும் எட்டுப் பற்கள். வரிசை எண்ணையும் பல்லின் எண்ணையும் சேர்த்து எழுதினால் 11 என்பது வலது மேல் முன்பல், 36 என்பது இடது கீழ் முதற் கடைவாய்ப் பல். எக்ஸ்ரேயில் 36 என்றும் ரசீதில் 46 என்றும் இருந்தால், வாயின் ஒரு பக்கத்துக் காயத்துக்கு மறுபக்கத்தில் வைத்தியம் செய்ததாக ஆகிவிடும். ஆகையால் மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அசல்களை அனுப்புமுன் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்க. நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்து மூலமாகக் கேட்டு, முதலில் அந்தக் கம்பெனியிடமே முறையிட வேண்டும். ஒரு மாதமாகியும் நியாயம் கிட்டாவிடில், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பம் போடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.