ரிஃப் தெரியும், வாசித்தவர் பெயர் தெரியுமா? ஜாக் புரூஸும் அவரது கடைசி ஆல்பமும்

எரிக் கிளாப்டன் பெயர் ராக் இசை கேட்பவர்கள் பலருக்கும் தெரியும். அவர் இருந்த ‘கிரீம்’ பேண்டையும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த பேண்டின் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ பாடலைத் தொடங்கி வைக்கும் கனமான ரிஃப், கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் ஆரம்பத்திலேயே வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிற ஒன்று.

ஆனால் அந்த ரிஃப்பை உருவாக்கியவர் கிளாப்டன் இல்லை. பேஸ் கிட்டார் வாசித்த ஜாக் புரூஸ். கிரீமின் பெரும்பாலான பாடல்களைப் பாடியவரும் அவர்தான். 2014 மார்ச்சில், 70 வயதில், ‘சில்வர் ரெயில்ஸ்’ என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 25-ல் இறந்துபோனார். 1962-ல் ப்ளூஸ் பேண்ட் ஒன்றில் தொடங்கிய பயணம் அந்த ஆல்பத்தோடு முடிந்தது.

பேஸ் கிட்டார் அப்படி என்னதான் செய்கிறது?

சாதாரண கிட்டாருக்கு 6 தந்திகள். பேஸ் கிட்டாருக்குப் பொதுவாக 4. தந்திகள் தடிமனானவை, ஒலி ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். டிரம்ஸின் தாளத்தையும் பாடலின் ஸ்வரங்களையும் இணைப்பதுதான் இதன் வேலை. வாசிக்கும்போது தனியாகக் காதில் விழாது. நிறுத்திப் பாருங்கள், பாட்டே காலியான மாதிரி இருக்கும்.

1960-களின் தொடக்கத்தில் பேஸ் வாசிப்பவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். கார்டின் அடிப்படை ஸ்வரத்தைத் தாளத்தோடு சேர்த்து வாசித்தால் போதும். புரூஸுக்கு அது போதவில்லை. பாடகர் ஒரு மெட்டில் போனால், அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொரு மெட்டை அடியில் ஓடவிட்டார்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது?

புரூஸ் 1943-ல் ஸ்காட்லாந்தின் பிஷப்பிரிக்ஸில் பிறந்தவர். பெற்றோர் கனடா, அமெரிக்கா என இடம் மாறிக்கொண்டே இருந்ததால் 14 பள்ளிகளில் படித்தார். பிறகு உதவித்தொகையோடு கிளாஸ்கோவில் உள்ள ராயல் ஸ்காட்டிஷ் இசைக் கல்லூரியில் சேர்ந்து, செல்லோவும் இசையமைப்பும் கற்றார்.

செலவுக்குப் பணம் வேண்டும் என்று இரவில் ஜாஸ் பேண்டுகளில் வாசித்தார். கல்லூரிக்கு அது பிடிக்கவில்லை. ஜாஸா, படிப்பா என்ற நிலை வந்தபோது படிப்பை விட்டுவிட்டார். ஆனால் அங்கே கற்றது வீண்போகவில்லை. பாஹ்கின் இசையில் கீழ்க்குரல் தனி மெட்டாக நடப்பதைப் படித்தவர், அதையே பேஸ் கிட்டாருக்குக் கொண்டுவந்தார்.

ப்ளூஸ் என்றால் என்ன?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட பிறகும் வறுமையிலும் ஒடுக்குமுறையிலும் வாழ்ந்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை இது. இலக்கணம் எளிமையானது: பெரும்பாலும் 3 கார்டுகள், 12 தாளக் கட்டங்கள். முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள்.

இந்த இசையை லண்டன் இளைஞர்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அலெக்சிஸ் கோர்னர். அவருடைய ‘ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட்’ பேண்டில் புரூஸ் 1962-ல் சேர்ந்தார். அங்கே டிரம்ஸ் வாசித்தவர், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸில் புகழ்பெற்ற சார்லி வாட்ஸ்.

கத்தி வரை போன சண்டை

அடுத்து கிரஹாம் பாண்டின் பேண்ட். அங்கே டிரம்மர் ஜிஞ்சர் பேக்கரோடு ஒத்துப்போகவில்லை. புரூஸ் தேவைக்கு மேல் வாசிக்கிறார் என்பது பேக்கரின் கோபம். மேடையிலேயே அடிதடி நடந்தது. ஒருமுறை பேக்கர் கத்தியையே எடுத்துவிட்டார். 1965-ல் புரூஸை பேண்டிலிருந்து வெளியேற்றினார்கள்.

1966-ல் பேக்கர் புதிய பேண்ட் தொடங்க கிளாப்டனை அழைத்தார். கிளாப்டன் போட்ட நிபந்தனை, “ஜாக் புரூஸ் இருந்தால் வருகிறேன்” என்பதுதான். கார் ஓட்டிக்கொண்டிருந்த பேக்கர், அதைக் கேட்ட அதிர்ச்சியில் காரை மோதப் பார்த்தாராம். இப்படித்தான் கிரீம் உருவானது.

1967 ஜனவரியில் லண்டனில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு புரூஸுக்குத் தோன்றியதுதான் ‘சன்ஷைன்’ ரிஃப். வரிகளைக் கவிஞர் பீட் பிரவுன் எழுதினார். கிளாப்டனும் பாடலின் ஒரு பகுதிக்கு உதவினார். உள்ளே பார்த்தால் அதுவும் ப்ளூஸ்தான். 12 கட்டங்களை 24-ஆக நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரவல் வாங்கியதற்குக் கணக்கு

கிரீம் பழைய ப்ளூஸ் பாடல்களையும் எடுத்துப் பாடியது. கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை வைத்து வெள்ளையின பேண்டுகள் சம்பாதித்தன என்ற விமர்சனம் அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராக் மீது இன்றும் உண்டு. மூலக் கலைஞர்களுக்குப் பணமோ பெயரோ போய்ச் சேராத கதைகள் ஏராளம்.

‘ஐயாம் சோ கிளாட்’ பாடல் விஷயத்தில் நடந்தது வேறு. அதை 1931-ல் பதிவு செய்தவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஸ்கிப் ஜேம்ஸ். கிரீமின் பதிப்பில் அவர் பெயர் இருந்தது, ராயல்டியும் கிடைத்தது. இசை வாழ்க்கையில் அவர் பார்த்த ஒரே பெரிய தொகை அதுதான் என்று சொல்வார்கள். 1969-ல் அவர் புற்றுநோயால் இறந்தார்.

கிரீமுக்குப் பிறகு

1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிரீம் விடைபெற்றது. அதற்கு முன்பே, அந்த ஆகஸ்டில் புரூஸ் ஒரு ஜாஸ் ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார். ‘திங்ஸ் வி லைக்’ என்ற அதில் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாஃப்லின். ஆம், பின்னாளில் வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபேலா ஜாகீர் ஹுசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை நடத்திய அதே மெக்லாஃப்லின்தான்.

புரூஸின் தனி ஆல்பங்களை விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் கிரீம் அளவுக்கு அவை விற்கவில்லை. ஹெராயின் பழக்கம் அவரை உள்ளே இழுத்தது. 1970-களின் இறுதியில் கையில் பணமும் இல்லை. அதிலிருந்து மீண்டு வந்தவருக்கு 2003-ல் கல்லீரல் புற்றுநோய். மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். புதிய கல்லீரலை உடல் முதலில் ஏற்கவில்லை. உயிர் பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை.

பிழைத்தார். 2005 மே மாதம், அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில், அதே மூன்று பேர் 4 இரவுகள் வாசித்தார்கள்.

‘சில்வர் ரெயில்ஸ்’ ஏன் முக்கியம்?

பத்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு வந்த தனி ஸ்டுடியோ ஆல்பம் இது. லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. 12 கட்ட இலக்கணத்துக்குள் நிற்கும் சுத்தமான ப்ளூஸ் ஆல்பம் என்று இதைச் சொல்ல முடியாது. ராக், ஜாஸ் எல்லாம் கலந்தது. ஆனால் வேர் ப்ளூஸ்தான்.

ராபின் டிரோவர், ஃபில் மான்சனேரா, பெர்னி மார்ஸ்டன் போன்ற கிட்டாரிஸ்டுகள் விருந்தினராக வந்தார்கள். டிரோவர் வாசித்த ‘ரஸ்டி லேடி’, ‘இரும்புப் பெண்மணி’ மார்கரெட் தாட்சரைத் துருப்பிடித்தவராக்கிக் கிண்டல் செய்யும் பாடல். புரூஸின் குரலில் பழைய உச்ச ஸ்தாயி இல்லை. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. கரகரப்பும் தளர்வும் அப்படியே கேட்கின்றன. வாழ்க்கையில் பட்டதைப் பாடும் இசைக்கு அந்தக் குரல் குறையாகத் தெரியவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் 1967-ன் ‘டிஸ்ரேலி கியர்ஸ்’. அடுத்து 1969-ன் ‘சாங்ஸ் ஃபார் எ டெய்லர்’. கடைசியாக ‘சில்வர் ரெயில்ஸ்’. இந்த வரிசையில் கேட்டால் ஒரே மனிதர் 24 வயதிலும் 70 வயதிலும் எப்படி வாசித்தார் என்பது புரியும்.

ஒரே ஒரு விஷயம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கீழ் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தர முடியாது. கிளாப்டன் கேட்பார், புரூஸ் கேட்க மாட்டார். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.