கைப்பம்புக்கு மசியாத டியூப்லெஸ் டயர், காற்றுத் தொட்டிக்கு மட்டும் மசிவது ஏன்?

ஓட்டைக் குடத்தில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற ஊற்ற ஒழுகிவிடும். அதே தண்ணீரை அண்டாவில் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கவிழ்த்தால்? ஒழுகி முடிவதற்குள் குடம் தளும்பிவிடும்.

புதிதாக மாட்டிய டியூப்லெஸ் சைக்கிள் டயரும் ஓட்டைக் குடம்தான். உள்ளே டியூப் இல்லை. டயரின் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் தொளதொளவெனக் கிடக்கும். நீங்கள் அடிக்கும் காற்று அந்த இடுக்கு வழியே நழுவிவிடும்.

இங்கேதான் அண்டா வேண்டும். பழைய தீயணைப்பு சிலிண்டரை முழுக்கக் காலிசெய்து, கழுவி, வால்வும் ரப்பர் குழாயும் பொருத்திக்கொள்கிறார்கள். அதில் நிதானமாகப் பம்பு அடிக்கலாம், அவசரமே இல்லை. திறந்துவிட்டால், சேர்ந்த காற்றெல்லாம் ஓரிரு நொடியில் டயருக்குள் பாயும். கசிவால் ஈடுகொடுக்க முடியாது. டயரின் ஓரம் பள்ளத்திலிருந்து மேலேறி, ரிம் விளிம்பில் ‘பட்’டென்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்க அவ்வளவு சுகம்! பிறகு உள்காற்றே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் தகராறு செய்கிறதா? ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், வழுக்கி ஏறும். டயர் வால்வின் உள்ளூசியைக் கழற்றினால் காற்றுக்கு வழி அகலமாகும்.

சிலர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் இதைச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கீறல் விழுந்த பாட்டில் அழுத்தம் தாங்காமல் வெடித்தால் கண் போய்விடும். துருப்பிடித்த சிலிண்டரும் அப்படியே.