ரத்தத்துக்கும் உண்டு பரீட்சை!

குழந்தைகளே, ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? விசைப்படகுகள் கரை திரும்பியதும் மீன் வாங்க வரும் பெண்களைக் கவனியுங்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். வயிற்றை விரலால் அழுத்துவார்கள். செவுள் சிவந்திருந்து, அழுத்திய இடம் குழி விழாமல் இருந்தால் புது மீன். அவர்களை ஏமாற்றவே முடியாது!

ஆனால், ரத்தத்தை இப்படிப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. நோய்க்கிருமி உள்ள ரத்தமும் சிவப்பு, இல்லாத ரத்தமும் சிவப்பு. ரத்தம் கொடுக்க வருபவர் நல்ல திடகாத்திரமாகத்தான் இருப்பார். தன் உடம்பில் கிருமி இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த ரத்தத்தை அப்படியே இன்னொருவருக்கு ஏற்றினால், உயிர் காக்கப் போன ரத்தமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இந்த ஆபத்து நம் நாட்டிலும் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் யார் தெரியுமா? நம் சென்னையில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி!

அவர் பெயர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவர். எய்ட்ஸ் என்பது வெளிநாட்டு நோய், அது இங்கெல்லாம் வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நிர்மலாவின் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. "நாமே சோதித்துப் பார்த்துவிடலாம்" என்று முடிவு செய்தார். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைப்பதற்குத் தனி வசதி ஏது? வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார்! சோதனை செய்யும் வசதி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. 1986 பிப்ரவரியில், மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, கணவருடன் இரவு ரயிலில் வேலூருக்குப் புறப்பட்டார்.

அங்கே செய்தது 'எலிசா' என்னும் சோதனை. நம் உடம்புக்குள் ஒரு கிருமி நுழைந்தால், அதை எதிர்க்க உடம்பு 'எதிர்ப்பொருள்' என்ற ஒன்றைத் தயாரிக்கும். திருடன் வந்துபோன வீட்டில் காலடித்தடம் இருப்பதுபோல, எதிர்ப்பொருள் இருந்தால் கிருமி வந்திருக்கிறது என்று அர்த்தம். எலிசா தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றில் எதிர்ப்பொருள் உள்ள மாதிரி மட்டும் நிறம் மாறும். நிர்மலா கொண்டுபோன மாதிரிகளில் 6 மஞ்சளாக மாறின! மறுபடியும் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று நாடே அதிர்ந்தது.

அதன்பிறகுதான் வேகம் பிறந்தது. 1989 முதல், தானமாகப் பெறும் ரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம் ஆனது. இன்று ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் 5 பரீட்சைகள்: எச்.ஐ.வி., கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பிறகு சிபிலிஸ், மலேரியா. ஐந்திலும் தேறினால்தான் நோயாளிக்குப் போகும். ஒன்றில் தோற்றாலும் அந்தப் பை அழிக்கப்படும். இதில் முப்பத்தைந்து மார்க் எடுத்துப் பாஸாகும் கதை கிடையாது!

இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. முன்பெல்லாம் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். பணத்தேவையில் இருப்பவர் தன் நோயை மறைக்கத்தானே பார்ப்பார்? 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

சரி, இவ்வளவு சோதனை இருக்கும்போது, ரத்தம் கொடுப்பவரிடம் கேள்வி வேறு எதற்கு? "மஞ்சள் காமாலை வந்ததா? சமீபத்தில் மலேரியா வந்ததா? ஒரு வருடத்துக்குள் பச்சை குத்திக்கொண்டீர்களா?" என்று ஒரு படிவமே நிரப்பச் சொல்கிறார்களே?

காரணம் இருக்கிறது. கிருமி நுழைந்த அன்றே எதிர்ப்பொருள் உருவாகிவிடாது. சில வாரங்கள்கூட ஆகலாம். திருடன் உள்ளே இருக்கிறான், காலடித்தடம் இன்னும் விழவில்லை! அந்த இடைவெளிக்குச் 'சாளரக் காலம்' என்று பெயர். அந்த நாட்களில் எலிசா தட்டு ஏமாந்துபோகலாம். கொடுப்பவர் சொல்லும் உண்மைதான் அப்போது காவல். (அடுத்தவரோடு சேர்ந்து விளையாடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. அப்படி யாரையாவது ஒதுக்கி வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்!)

ரத்தம் கொடுப்பவருக்கே நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று சில பெரியவர்கள் பயப்படுவார்கள். ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புதுப் பை. ஒருமுறை குத்திய ஊசியை மறுபடி பயன்படுத்துவதே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது பயந்தால் நீங்களே சொல்லலாம். நீங்கள் கொடுக்கத்தான் 18 வயது ஆகவேண்டும். குறைந்தது 45 கிலோ எடையும் வேண்டும்.

பரீட்சையை ஒழுங்காக நடத்தாவிட்டால் என்ன ஆகும்? 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைக் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக உடற்பரிசோதனை செய்துகொண்டபோது, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தார். பேசாமல் இருந்திருக்கலாம் அல்லவா? இருக்கவில்லை. உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். ஆனால், அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அந்தத் தாய்க்குத் தொற்று வந்துவிட்டது.

அந்த இளைஞர் 2016-லேயே ஒருமுறை ரத்தம் கொடுத்தவர். அப்போதே கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருந்தது. ஆனால், அந்த முடிவு அவரைப் போய்ச் சேரவில்லை! 2018-ல் சோதனையில் அலட்சியமாக இருந்ததாக ரத்த வங்கிப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். தமிழ்நாடு முழுவதும் ரத்த வங்கிகளில் ஆய்வு நடந்தது.

வயிற்றில் இருந்த குழந்தையைக் காப்பாற்ற டாக்டர்கள் அந்தத் தாய்க்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. பிறகு குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி. இல்லை!